எந்த இடத்தில் நின்றது?

மஃரிபுக்குப் பின் எம்மிடம் ஓத வரும் மாணவருள் ஒருவன் சென்ற மாதம் முகம் வாடி வந்தான். பாடி மேம்பாலத்தை அடுத்த ஒரு கூடத்தில் அவன் ஜூடோ பயிலுகிறான். சேர்ந்து மூன்று மாதமாகிறது. "இடுப்பில் ஏற்றி எறியும் பிடி வரவே மாட்டேன் என்கிறது, ஹஜ்ரத். நின்றுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றான். அழைத்துச் செல்ல வந்த அத்தாவுக்கும் அதுவே சரியென்று பட்டது. மாதக் கட்டணமாவது மிஞ்சுமே!

எமக்கு மல்லுக்கட்டத் தெரியாது. பிழையைப் பற்றி மட்டும் ஓரளவு அறிவோம். 20 ஆண்டுகளாகப் பிள்ளைகளின் ஓதலைக் கேட்டு வருகிறோம் அல்லவா? 'தப்பாக ஓதிவிட்டேன்' என்று அழுகின்ற பிள்ளையைத் திருத்துவது கடினம். 'தொண்டையில் பிறக்க வேண்டிய எழுத்தை நாவில் மொழிந்துவிட்டேன்' என்று இடத்தைக் காட்டும் பிள்ளை அன்றே திருந்திவிடுகிறது. ஆகவே, "பிடி எந்த இடத்தில் நின்றது?" என்று கேட்டோம். அவனிடம் விடையில்லை.

எழுந்து நின்று செய்து காட்டச் சொன்னோம். எதிராளியின் சட்டையைப் பற்றி முன்னே இழுத்து, அவர் கால்விரல்களின் மேல் தடுமாறும்போதுதான் திரும்பி நுழைய வேண்டுமாம். முழங்காலை மடித்து, நம் இடுப்பு அவர் இடுப்புக்குக் கீழே புகுந்தால்தான் அவர் நம் மேல் ஏறுவாராம். பாடம் இவனுக்குத் தெரிகிறது. செய்தபோதோ இழுக்காமலே திரும்பியிருக்கிறான், முழங்காலும் மடியவில்லை. எதிரே நின்ற பையன் பின்னே சாய, இவனே மல்லாந்து விழுந்திருக்கிறான். தனக்கு வலுவில்லை என்று இத்தனை நாள் வருந்தியது வீண். "விழாமல் நின்றவனையே கேள், எப்போது தப்பினான் என்று அவனுக்குத் தெரியும்" என்றோம்.

ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோவின் கதையையும் சொன்னோம். 1860-இல் பிறந்த அவர் சிற்றுருவினர். 1877-இல் ஜுஜுத்சு பயிலச் சேர்ந்தார். 'இதை எவ்வாறு செய்வது?' என்று கேட்டால், ஆசான் ஃபுகுதா விளக்காமல் மீண்டும் மீண்டும் தூக்கியெறிவாராம். (எம்போன்ற ஆசிரியர்கள் இதைப் பின்பற்ற வேண்டா.) உடன் பயின்ற ஃபுகுஷிமா என்ற பருத்த மாணவரைக் கானோவால் வீழ்த்தவே முடியவில்லை. சுமோ பிடிகளைச் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. நூலகம் சென்று மேல்நாட்டு மல்யுத்த நூலைப் புரட்டினார். குனிந்து புகுந்து, ஆளைத் தோளில் சுமந்து எறியும் முறை அதில் கிடைத்தது. ஃபுகுஷிமா விழுந்தார். 'கதா குருமா' என்ற பெயரில் அந்தப் பிடி இன்றும் ஜூடோவில் இருக்கிறது. 1882-இல் தோக்கியோவில் 12 பாய்கள் விரித்த இடத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார் கானோ.

"அவரும் பிடியை மாற்றினாரே, ஹஜ்ரத்?" என்று மடக்கினான் பையன். நியாயமான கேள்விதான். சலித்துப்போய் அவர் மாற்றவில்லை. பருத்த ஒருவரின் எடையை எவ்வாறு எடுப்பது என்ற ஒரே கேள்வியுடன்தான் ஒவ்வொரு பிடியாகச் சென்றார்.

பிள்ளையை அனுப்ப அஞ்சும் தாய்மாருக்கு ஒரு சொல்: அங்கே முதற்பாடமே விழுவதுதான். தலை தரையில் மோதாதிருக்க முகவாயை நெஞ்சோடு சேர்த்துக் கையால் பாயை அறைந்து விழப் பழக்குவார்கள். அது பழகுமுன் எறியப் பழக்கும் ஆசானிடம் விடாதீர்கள்.

சென்ற வாரம் அவன் வந்தான். இன்னும் ஒருவரையும் எறியவில்லை. "இடுப்பு நுழைகிறது, ஹஜ்ரத். இப்போது இழுப்பதுதான் பிந்துகிறது" என்றான். வாசலில் நின்ற அத்தா, அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.