கேட்காமலே எடுத்த முடிவு

ஏதோ வேலையாக பாரிஸில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார் ஷார்ல்-மிஷேல் த லெப்பே என்ற பாதிரியார். இரண்டு பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தனர். பேச்சுக் கொடுத்தார், பதில் இல்லை. மறுபடி கேட்டார்; தலைகூட நிமிரவில்லை. என்ன மரியாதை இது என்று அவர் திகைத்திருக்க, தாய் வந்து விஷயத்தைச் சொன்னார். இருவரும் இரட்டையர், இருவருக்கும் காது கேளாது. படங்களைக் காட்டி அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்துவந்த பாதிரியாரும் இறந்துபோயிருந்தார். விட்ட பாடத்தைத் தொடர லெப்பே ஒப்புக்கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றிக் கதவு திறந்த காது கேளாதோர் பள்ளி, 1760 வாக்கில் அவரது வீட்டிலேயே உருவானது.

அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினில் இந்த வேலை நடந்திருக்கிறது. ஓனியா என்ற ஊரின் பெனடிக்ட் சபை மடத்தில் பெத்ரோ போன்ஸே தெ லெயோன் என்ற துறவி, வெலாஸ்கோ பிரபு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். அது மௌன விரதம் காத்த மடம். அப்பம் வேண்டும், உப்பு வேண்டும் என்பதையெல்லாம் கையாலேயே கேட்டுப் பழகியவர்கள் அந்தத் துறவிகள். வாய் பேசாதவரை அறிவற்றவர் என்று ஊர் ஒதுக்கிய காலத்தில், பேசாமலும் சிந்திக்கலாம் என்பது அவர்களுக்கு அன்றாட அனுபவம். ஆனால், அங்கே படித்தவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். லெப்பே அந்த வேலியைத் தாண்டினார் என்பதே அவர் பெருமை.

அவரைக் கொண்டாடுவோர் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு: சைகை மொழியை அவர் உருவாக்கவில்லை. பிள்ளைகள் தமக்குள் பேசிய சைகைகளை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு இலக்கணத்துக்கு ஏற்ப அவற்றுக்கு ஒட்டும் உறுப்பும் பூட்டினார். 'நம்புகிறேன்' என்பதற்கு அவர் வகுத்த சைகையைப் பாருங்கள். முதலில் தன்னைச் சுட்ட வேண்டும். அறிவால் ஆம், இதயத்தால் ஆம், வாயால் ஆம் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். பிறகு கண்ணால் காணவில்லை என்று காட்ட வேண்டும். ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு மறைக்கல்வி வகுப்பே நடக்கிறது! அழகுதான். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் தங்கள் பழைய சைகைக்கே திரும்பிவிட்டார்கள்.

1779-இல் பியர் தெலோஜ் என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். புத்தகம் கட்டும் தொழிலாளி. ஏழு வயதில் பெரியம்மை கண்டு செவித்திறனை இழந்தவர். லெப்பேயின் பள்ளியில் படிக்காத காது கேளாதோரும் பாரிஸில் தங்களுக்குள் ஊர் விவகாரம் முழுவதையும் கையால் பேசிக்கொள்கிறார்கள் என்று அதில் பதிவு செய்தார். எனவே மொழியைப் பாதிரியார் கொடுக்கவில்லை. ஊருக்கு ஒருவராக, வீட்டு மூலையில் கிடந்தவர்களை ஒரே கூரையின்கீழ் கூட்டிவைத்தார். மொழி வளர அது போதுமானதாக இருந்தது. சமயத் தொண்டு காது கேளாதோருக்குச் செய்த நன்மைகளில் இதையே முதலாவதாக வைப்பேன். 1789 டிசம்பரில் அவர் இறந்தார். 1791-இல் பள்ளியை அரசு ஏற்றது. அங்கு ஆசிரியராயிருந்த லோரான் கிளேர் அமெரிக்கா சென்று 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். கிளேருக்கும் காது கேளாது.

பிறகு வந்தது மிலன். 1880 செப்டம்பரில் அந்நகரில் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜூலியோ தர்ரா, இவரும் பாதிரியார். பேச்சு கடவுள் தந்தது, ஆன்மாவின் குரல். சைகையோ புலன்களைக் கிளறுவது என்பது அவர் வாதம். பேச்சே சைகையைவிட மேலானது என்ற தீர்மானம் 160-க்கு 4 என்ற வாக்கில் நிறைவேறியது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்கரான ஜேம்ஸ் டெனிசன். கல்யாணப் பெண்ணைக் கேட்காமல் நாள் குறித்த கதைதான்.

அதன் பிறகு ஐரோப்பியப் பள்ளிகளில் கைகளை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். பேச்சுப் பயிற்சியை அவர்களால் எப்படி நடத்த முடியும்? உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், தன் காதில் விழாத ஒலியைத் தொண்டையில் எழுப்பவுமே பிள்ளையின் பள்ளிப் பருவம் கழிந்தது. கணக்கும் வரலாறும் பின்னுக்குப் போயின. பிரெஞ்சு சைகை மொழியைத் தனி மொழியாகச் சட்டம் ஏற்க 2005 வரை ஆனது. மிலன் தீர்மானங்களுக்கு, அதே மாநாட்டின் தொடர்ச்சியாக வான்கூவரில் கூடியவர்கள் வருத்தம் தெரிவித்தது 2010-இல்.

லெப்பேயும் தர்ராவும் ஒரே மதம், ஒரே அங்கி. இருவருக்கும் அக்கறை இருந்தது. அதை நான் சந்தேகிக்கவில்லை. மாணவரின் கையை முன்னவர் உற்றுப் பார்த்தார், அரைகுறையாகவேனும். பின்னவர் தன் கொள்கையைப் பார்த்தார். தொண்டு செய்வோர் அனைவர் முன்னும் இந்த இரு வழிகளும் இருக்கின்றன.

நமக்கும் இதில் பங்குண்டு. பாளையங்கோட்டையில் 1890-களில் ஃபுளாரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலேய மறைப்பணியாளர் காது கேளாத பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தத் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளிகள் பலவற்றைத் திருச்சபைகளும் துறவற சபைகளும் நடத்துகின்றன. அவற்றின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகள் உட்பட, நியமிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளிகளை நடத்தும் சபைகளும் அறக்கட்டளைகளும் அடுத்த காலியிடத்துக்கு விளம்பரம் தரும்போது, காது கேளாத பட்டதாரிகளையும் நேர்முகத்துக்கு அழையுங்கள். அவர்கள் கையால் சொல்வதைப் புரிந்துகொள்ள, தேர்வுக் குழுவில் ஒரு சைகைமொழி பெயர்ப்பாளரையும் உட்கார வையுங்கள்.