விளைபொருளின் பெயருக்கும் பட்டா வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி அரிசியைத் தாங்கள் வைத்த பெயரில் பாக்கெட் போட்டு விற்றுவந்தவர்கள். அன்று பேச்சு மகசூலைப் பற்றி இல்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் அதே பெயரைப் பதிவுசெய்துகொண்டு, இவர்களுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

“கம்பெனியைப் பதிவு பண்ணியிருக்கோம், ஜிஎஸ்டி இருக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருக்கு. அப்புறம் எப்படி சார்?” என்று கேட்டார் தலைவர்.

இவை மூன்றுமே தேவைதான். ஆனால், பாக்கெட்டில் உள்ள பெயருக்கு இவை உரிமை தருவதில்லை. அதற்கு, 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின் கீழ் டிரேட்மார்க் பதிவு வேண்டும். முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கும் அந்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதற்கு ஆதாரம் வேண்டும். தேடிப் பார்த்தோம், தொடக்க ஆண்டுகளில் பெயர் அச்சிட்ட பில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். விதைநேர்த்தியில் இருந்து நெல்லின் ஈரப்பதம் வரை அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த நானும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

‘எங்கள் பொருளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே’ என்று சிலர் நினைக்கலாம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் அது கிடைத்தது. புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்தின் பொதுச் சொத்து. பொருள் எந்த மண்ணில் விளைந்தது என்று அது சொல்லும். யாருடைய பாக்கெட் என்று சொல்லாது. அதைப் பயன்படுத்தும் விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். 500 ரூபாயாக இருந்த அதற்கான கட்டணம் 2020இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உங்கள் பாக்கெட்டின் பெயரைக் காக்க வணிக முத்திரை தனியாகத் தேவை.

முத்திரையில் வகைகள் உண்டு. ஒருவரோ ஒரு நிறுவனமோ வைத்திருக்கும் பெயர் அல்லது சின்னம் சாதாரண முத்திரை. சங்கத்தின் பெயரில் இருந்து, உறுப்பினர் எல்லாரும் பயன்படுத்துவது கூட்டு முத்திரை. தரத்துக்குச் சான்று சொல்வது சான்று முத்திரை. அதன் உரிமையாளர் அந்தப் பொருளை வியாபாரம் செய்ய முடியாது. நிறுவனமே கொள்முதல் செய்து விற்றால் சாதாரண முத்திரை போதும். உறுப்பினர்கள் தனித்தனியாக விற்றால் கூட்டு முத்திரை பொருந்தும்.

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. ‘சுத்தமான மஞ்சள் தூள்’ போலப் பொருளை விவரிக்கும் பெயரைப் பதிவது கடினம். வெறும் ரகத்தின் பெயரும் ஊரின் பெயரும் அப்படித்தான். நீங்களே உருவாக்கிய சொல்லே வலுவானது. அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அரிசி, மாவு, மஞ்சள் தூள், வெல்லம், தேன் ஆகியவை 30ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29. புதிய காய், கனிகள் 31. இணையவழியில் விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்குத் தனிநபருக்கும், உத்யம் சான்று பெற்ற சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். ஆய்வுக்குப் பின் முத்திரை இதழில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு வராவிட்டால் பதிவாகும். விண்ணப்பித்த நாளிலிருந்தே உரிமை கணக்கிடப்படுவதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நமக்கு நட்டம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பாக்கெட் இயந்திரத்துக்கும் கிடங்குக்கும் உழவர் நிறுவனங்களுக்கு மானியம் கிடைக்கிறது. பெயரைப் பதிவதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் முதல் பயிற்சியிலேயே இதைச் சொல்லித்தர வேண்டும். பட்டா இல்லாத நிலத்தில் யாரும் கடன் வாங்கிக் கிணறு வெட்டுவதில்லை. பதியாத பெயருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கொட்டுகிறோம்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதுங்கள். அதுவரை, பெயர் அச்சிட்ட ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.