சிறுநாடும் பெருநாடும்

நாடு என்னும் சொல் இன்று பெரும் பரப்பைக் குறித்து வழங்குகின்றது. பண்டைத் தமிழகத்தில் அஃது அவ்வாறு வழங்கவில்லை. ஊர்கள் சில கூடியது நாடு. கொங்கு மண் இருபத்து நான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. பூந்துறை நாடு, தென்கரை நாடு, பொங்கலூர் நாடு, ஆறை நாடு என அடுக்கிச் சொல்லப்படும் அவற்றுள் காங்கேய நாடும் ஒன்று. நாட்டார் எனப்பட்டோர் தம் மண்ணின் நிலமும் நீரும் வரியும் பற்றித் தாமே கூடிப் பேசினர். அந்த அவையில் எல்லாக் குடியினர்க்கும் இடம் இருந்ததில்லை. அக்குறையை மறைத்தல் ஆகாது. ஆயினும் பேசியோர் அம்மண்ணை மிதித்து நடந்தோர் என்பது உண்மை.

சிறிய நாட்டில் வாழ்வது நன்றா, பெரிய நாட்டில் வாழ்வது நன்றா என்னும் வினா உலகில் பலகாலும் எழுந்துள்ளது. ஆத்திரியாவிற் பிறந்த இலியோபோல்டு கோர் என்னும் அறிஞர் 1957இல் வெளியிட்ட நூலில், அளவுக்கு மீறிப் பெருத்தலே நாடுகளின் நோய் என்றார். செருமனியிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சூமாக்கர், சிறுமையே அழகு என்னும் கருத்தைத் தலைப்பாகவே வைத்து 1973இல் நூல் செய்தார். பெரிய நாடே வலிமை, பெரிய சந்தையே வாழ்வு என்பாரும் உளர். இருசாரார் கூற்றையும் ஏட்டளவில் நிறுத்தாமல் காங்கேயத்து மண்ணில் வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்க்க. ஐசுலாந்து நாட்டின் மக்கள்தொகை நான்கு இலக்கத்திற்கும் குறைவு. அவர்கள் தம் பேரவைக்கு 63 உறுப்பினரை அனுப்புகின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 இலக்கம். சட்டமன்ற உறுப்பினர் 234 பேர்க்கும் பகுத்தால் ஒருவர்க்கு மூன்று இலக்கத்திற்கு மேல் வரும். அங்கே அறுபத்து மூவர் பேசும் அளவு மக்களுக்கு இங்கே ஏறத்தாழ ஒருவரே பேசுகின்றார். தில்லிக்குச் செல்லும் 39 பேர்க்குப் பகுத்தாலோ ஒருவர்க்குப் பதினெட்டு இலக்கத்திற்கு மேல்! காங்கேயம் தொகுதி ஈரோட்டு நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் குறைகளை ஒரு நாவில் ஏற்றிக்கொண்டு 543 பேர் அவையில் ஒருவர் எழுந்து நிற்கின்றார். அவர் எத்துணை நல்லவராயினும் காங்கேயத்தின் பங்குக்கு எத்தனை சொல் கிடைக்கும்?

இலக்சம்பர்க்கு என்னும் நாட்டின் பரப்பு 2,586 சதுரக் கிலோமீட்டர். 2009இல் உருவான திருப்பூர் மாவட்டம் அதனினும் ஏறத்தாழ இரு மடங்கு பெரிது. அந்நாடு தன் வரியைத் தானே வகுக்கின்றது. தன் பள்ளியைத் தானே நடத்துகின்றது. அதனைவிடப் பெரிய ஒரு மாவட்டம் தன் கொப்பரைக்குக் கிடைக்கும் விலையைக் கூடத் தொலைவில் இருப்போர் கையில் விட்டுவிட்டுக் காத்திருக்கின்றது.

இது மிகைக் கூற்றன்று. காங்கேயத்தைச் சுற்றிலும் கொப்பரை உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்துள்ளன. வெயிலில் கொப்பரையைக் கிளறும் உழைப்பாளியின் கூலியும், தென்னை வைத்த உழவரின் வரவும் எண்ணெய் விலையைப் பற்றியே நிற்கின்றன. இந்தியா தனக்கு வேண்டும் சமையல் எண்ணெயிற் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகின்றது. சுத்திகரிக்காத எண்ணெய்க்கான இறக்குமதி வரியை 2024இல் தில்லி உயர்த்தியது. 2025இல் அடிப்படை வரியைப் பாதியாகக் குறைத்தது. பனையெண்ணெய் மலிந்தால் தேங்காயெண்ணெயும் நிலக்கடலையெண்ணெயும் பின்தள்ளப்படும். கோடிக்கணக்கான நுகர்வோரையும் உழவரையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கவேண்டிய நிலை பெருநாட்டுக்கு உண்டு. அதனை மறுக்க வேண்டா. ஆனால் அந்தத் துலாக்கோலின் தட்டில் காங்கேயத்து உலர்களம் ஒரு தூசியாகவும் தெரிவதில்லை. பெருமையின் குற்றம் இது: கொடுமை செய்ய வேண்டும் என்று எண்ணாமலே கொடுமை நிகழ்ந்துவிடுகின்றது.

காங்கேயக் காளைக்கும் அதுவே நேர்ந்தது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மர நிழலில் ஒதுங்கி வளர்ந்த இனம் அது. மழை குறைந்த மண்ணில் ஏரும் வண்டியும் ஏற்றமும் இழுத்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் அதனைப் போற்றிப் பெருக்கினர். கண்ணபுரத்து மாட்டுச் சந்தை அதனால் பெயர் பெற்றது. பெருநாடோ மாட்டை ஒரே அளவுகோலால் அளந்தது: எத்தனை படி பால் கறக்கும்? 1970இல் பால்பெருக்கத் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு அயல்நாட்டுக் கலப்பினமே எங்கும் ஊக்குவிக்கப்பட்டது. பால் பெருகியது, அதனால் ஏழை வீடுகளும் பயன்பெற்றன. ஆயினும் வறண்ட மண்ணுக்கென்றே அமைந்த இனம் சுருங்கிற்று. பின்னர் 2011இல், காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி ஆகியவற்றோடு காளையையும் நடுவண் அரசு சேர்த்தது. 2014இல் உச்ச வழக்குமன்றம் ஏறுதழுவலையும் வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. ஒரு பட்டியலில் ஏறிய ஒரு சொல்லை இறக்க, 2017இல் தமிழ் இளைஞர் இலக்கக்கணக்கில் தெருவுக்கு வரவேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுச் சட்டத்தை அந்த வழக்குமன்றம் ஏற்றது 2023இல். உழவரின் தொழுவத்து மாட்டைப் பற்றிய ஒரு முடிவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்!

2025ஆம் ஆண்டில் நேர்ந்ததையும் எண்ணுக. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காட்டு வரி விதித்தது. அதிற் பாதி, இந்தியா உருசியாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டம். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளி எந்த எண்ணெயையும் வாங்கினாரல்லர். ஆயினும் வேலை குறையுமோ என்று அஞ்சி நின்றவர் அவரே.

இவ்வளவும் கண்டு, சிறுநாடே நன்று என்று உடனே தீர்ப்பளித்துவிடலாமா? அளிக்கலாகாது. அதே 2025இல் இலெசோத்தோ என்னும் ஆப்பிரிக்கச் சிறுநாட்டின் மீதும் அமெரிக்கா 50 விழுக்காட்டு வரியை அறிவித்தது. ஆடை தைத்து வாழும் அந்நாடு நடுங்கிப்போயிற்று. பின்னர் அது 15 விழுக்காடாகக் குறைந்தது எனினும், சிறுமை அந்நாட்டுக்குக் கேடயம் ஆகவில்லை. 21 சதுரக் கிலோமீட்டரே உள்ள நவூரு 1968இல் விடுதலை பெற்றது. மண்ணில் கிடந்த எருவுப்பை வெட்டி விற்றுச் சில காலம் பெருஞ்செல்வத்தில் திளைத்தது. எருவுப்பு தீர்ந்தது, நிலத்தின் பெரும்பகுதி குழியும் பாறையுமாயிற்று. தன் கையாலேயே தன் மண்ணைக் கெடுத்துக்கொண்ட சிறுநாடு அது.

தமிழர்க்கு இதனினும் அண்மையில் ஒரு சான்று உண்டு. இலங்கை தமிழ்நாட்டிற் பாதிப் பரப்புடைய நாடு. சிறுமையே நன்மை தருமாயின் அங்கே தமிழர் நன்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். 1948இல் விடுதலை பெற்ற அதே ஆண்டில் மலையகத் தமிழரின் குடியுரிமையை அந்நாடு பறித்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983இல் தமிழர் தெருத்தெருவாகக் கொல்லப்பட்டனர். 2009இல் முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. தலைநகர் அருகில் இருந்தது. ஆட்சியின் செவி அருகில் இல்லை.

காங்கேயத்து மக்களுக்கோ கடல் கடந்து சான்று தேட வேண்டியதும் இல்லை. ஊருக்கு வடக்கே, சென்னிமலைக்கு அணித்தே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியது. எந்த நீருக்காக உழவர் ஏங்கினரோ அந்த நீரையே திறக்க வேண்டா என்று மன்றாடும் நிலை வந்தது. கிணறு உவர்த்தது, தென்னை பட்டது, மாடு அந்நீரில் வாய்வைக்க மறுத்தது. இதனைச் செய்தது தில்லியன்று. வடக்கிலிருந்து வந்த மொழியுமன்று. சாயம் விட்டவரும் தமிழர், சாயம் குடித்தவரும் தமிழர். இடையில் ஒரு பொழுதுக்குள் வண்டியில் சென்று மீளும் தொலைவே இருந்தது. மேல்மடையினர் காசு எண்ணினர்; கீழ்மடையினர் வழக்குமன்றப் படி ஏறினர். இறுதியில் 2011இல் சென்னை உயர் வழக்குமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணையிட்டது. அன்று வேலையிழந்த தொழிலாளரும் தமிழரே. முன்பே கீழ்மடை உழவரை அழைத்து அவையில் அமர்த்தி ஒரு சொல் கேட்டிருந்தால், ஆறும் கெட்டிராது, வேலையும் போயிராது.

ஆகவே வினாவையே திருத்திக் கேட்டல் வேண்டும். நாடு பெரிதா, சிறிதா என்பதன்று வினா. ஒரு முடிவால் எவர் நோவாரோ அவர் அம்முடிவை எடுக்கும் அவையில் இருக்கின்றாரா? அவர் மொழியிலேயே அந்த அவை பேசுகின்றதா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை சொல்லும் நாடே வாழ்தற்கு இனிய நாடு. சிறுநாட்டில் இவ்விடை எளிதிற் கிட்டும். பெருநாட்டில் அரிதிற் கிட்டும். சிறுமையின் சிறப்பு அவ்வளவே. அது வாய்ப்புத் தருகின்றது. பொறுப்பைத் தானே ஏற்பதில்லை.

சுவிட்சர்லாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த அந்நாடு, இவ்வளவு சிறிதாயிருக்கின்றோமே, இனிப் பகுப்பானேன் என்று இருந்துவிடவில்லை. 26 உறுப்பு மாநிலங்களாகவும், அவற்றுள்ளும் ஊராட்சிகளாகவும் பிரிந்து, பள்ளியையும் வரியையும் பெரும்பாலும் அங்கங்கே நடத்துகின்றது. நான்கு மொழிகளை நாட்டுமொழிகளாகப் போற்றுகின்றது. ஈழத்தில் வாழ இடமற்றுப் போன தமிழர் பல்லாயிரவர் அங்கே வாழ்வதும் எண்ணத்தக்கது.

இந்தியப் பரப்பிலோ நடந்தது இதற்கு மறுதலை. மாநிலங்களின் பொறுப்பில் இருந்த கல்வி, 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்னரே, 1969இல் தமிழ்நாட்டரசு அமைத்த இராசமன்னார் குழு 1971இல் தன் அறிக்கையைத் தந்தது. 1974இல் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் இயற்றிற்று. அரை நூற்றாண்டு கடந்தும் அத்தீர்மானம் கோரிக்கையாகவே நிற்கின்றது. கல்வி தமிழ்நாட்டின் கைக்கு மீளல் வேண்டும். பயிர்விலையைத் தாக்கும் வரியை மாநிலங்களைக் கேளாது மாற்றுதல் ஒழிதல் வேண்டும். இவற்றைத் தில்லியிடம் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

ஆனால் தில்லியிடம் கேட்கும் வாய், சென்னையிடமும் கேட்டல் வேண்டும். பங்கீட்டுக் கடையில் பனையெண்ணெய்க்கு மாறாகத் தேங்காயெண்ணெய் தருக என உழவர் நெடுங்காலமாகக் கேட்டு வருவது சென்னையை நோக்கியே. நொய்யற்கரை ஊரவைகள் ஆற்றைப் பற்றி எடுக்கும் முடிவுக்குச் சட்டவலிமை தரவேண்டியதும் சென்னையே. சென்னை சிற்றூர்க்கு ஒரு தில்லி ஆகுமாயின், தன்னாட்சி என்னும் சொல்லுக்குப் பொருள் ஏது? திருப்பூர்ப் பட்டறைகளில் இன்று ஒடியரும் பீகாரியரும் உழைக்கின்றனர். அவர் கூலியும் உறைவிடமும் பற்றிய முடிவில் அவர் சொல்லையும் கேட்பதே தமிழறம். கொழும்பில் தமிழர் பட்டது காங்கேயத்தில் எவரும் படலாகாது.

பழைய காங்கேய நாடு மீண்டும் வரப்போவதில்லை, வரவேண்டியதும் இல்லை. வரவேண்டியது அதன் அவை: அன்று விலக்கப்பட்டோர்க்கும் பெண்டிர்க்கும் இடம் தரும் அவை, தமிழிலேயே பேசித் தமிழிலேயே முடிவெழுதும் அவை. ஆண்டுக்குச் சில முறை கூடும் ஊரவையில் இன்று இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. தன்னாட்சி வேண்டுவோர் முதலில் அவ்விருக்கைகளிற் போய் அமர்க. நொய்யல் நீரைக் குறித்து அங்கே ஒரு வினா எழுப்புக. நாடு சிறிதோ பெரிதோ, நல்ல நாடு அந்த வினாவில் தொடங்கும்.