மேல்முறையீடு யாருக்காக?

கொலை, வன்கொடுமை வழக்குகளில் மேல்முறையீடே கூடாது, அது குற்றவாளி தப்பிக்கும் சந்து என்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் கோபம் புரிகிறது. சொன்னது தவறு.

பக்கத்து தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியையே பாருங்கள். 1992 ஜூன் 20-இல் சந்தனக் கடத்தலைத் தேடுவதாக வந்த அரசு ஊழியர்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டோரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். தப்பித்தார்களா? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-இல் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க உத்தரவிட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ஆறு நாடோடி இனத்தவருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்குதான் என்று தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2019-இல் மறுபடி விசாரித்து, நிரபராதிகள் என்று ஆறு பேரையும் விடுவித்தது. நண்பர் சொல்வதுபோல் முதல் தீர்ப்போடு முடித்திருந்தால்?

எரிச்சல்பட வேண்டியது தாமதத்தின் மீது. வாச்சாத்தி மேல்முறையீடு 12 ஆண்டு இழுத்தது. இங்கே நீதிமன்ற வளாகத்து வேப்பமர நிழலில், மகனின் தீர்ப்பு நகலை மஞ்சப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அடுத்து சென்னைக்குப் போக வேண்டும், வக்கீல் பிடிக்க வேண்டும். அந்தப் பையைப் பிடுங்காதீர்கள். நீதிபதி பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.