அட்டைப்பெட்டியும் அரை வாளி சாம்பாரும்

போன வாரம், ராத்திரி பத்து மணி இருக்கும். பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன. எதிர் ஜவுளிக்கடைப் பையன் பத்துப் பதினைஞ்சு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து தெருமுனைக் குப்பைத்தொட்டியில போட்டான். எல்லாம் அன்னிக்குப் பிரிச்ச பெட்டி, ஒரு கசங்கல் இல்லை. அஞ்சே நிமிஷத்துல பக்கத்து மெஸ்காரர் வந்து மிச்ச சாம்பாரை அதுமேலயே ஊத்திட்டுப் போயிட்டார்.

அவ்வளவுதான். காசா இருந்தது குப்பையாயிடுச்சு :-(

சாம்பார் பட்ட அட்டையை ஏன் யாரும் வாங்கறதில்லை தெரியுங்களா? மில்லுல பழைய அட்டையைத் தண்ணியில ஊறவெச்சு, கூழாக்கி, மறுபடி அட்டையா எடுக்கறாங்க. எண்ணெயும் சோறும் கலந்தா கூழ் கெட்டுப்போகும். ஈரமா இருந்தா எடையில கழிப்பாங்க. அதனால பழைய பேப்பர்காரர் அதைத் தொடவே மாட்டார். இத்தனைக்கும் நம்ம கோயமுத்தூரைச் சுத்தி உடுமலை, மேட்டுப்பாளையம் பக்கமெல்லாம் பழைய அட்டையில பேப்பர் பண்ற மில்லுக இருக்கு. இந்தியா வருஷா வருஷம் லட்சக்கணக்கான டன் பழைய பேப்பரைக் காசு குடுத்துக் கப்பல்ல இறக்குது. நாம என்னடான்னா நல்ல அட்டையில சாம்பார் ஊத்தறோம். இதைவிடக் கிறுக்குத்தனம் உண்டா?

மறுநாள் ஜவுளிக்கடைக்காரர்கிட்டயே கேட்டேன். "ஏந்தம்பி, யாவாரத்தைப் பார்க்கறதா, குப்பையைப் பார்க்கறதா? வரி கட்டறோமில்ல, கார்ப்பரேஷன் பார்த்துக்கும்"னார்.

சரிங்ணா, கலந்து போட்ட குப்பை என்ன ஆகுதுன்னு பார்ப்போம். 2024 ஏப்ரல்ல வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு தீப்பிடிச்சு நாள்கணக்குல புகைஞ்சுதே, ஞாபகம் இருக்கா? சோறும் காய்கறியும் குவியலுக்கு அடியில காத்தில்லாம அழுகினா மீத்தேன் வாயு வரும். அதுமேல நம்ம அட்டையும் பிளாஸ்டிக்கும் விறகு அடுக்கின மாதிரி கிடக்கும். அந்தப் புகையைச் சுவாசிச்ச வெள்ளலூர்க்காரங்க என்ன பாவம் பண்ணினாங்க? தீபாவளிக்கு உங்ககிட்டத் துணி எடுக்க வர்றவங்கதானே அவங்களும்?

தர்மம் பேசினா யாரும் கேக்க மாட்டீங்க, தெரியும். கணக்கே பேசறேன். ஒரு கடையில நாளைக்கு 5 கிலோ அட்டைன்னு வைங்க. கிலோ 8 ரூபாய்னு போட்டாலும் மாசம் 1,200 ரூபாய். "இதுக்குப் போயி ஆள் வெச்சு மெனக்கெடணுமா"ம்பீங்க. சரி, தெருவுல 40 கடை சேருங்க. நாளைக்கு 200 கிலோ. அப்ப நீங்க யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை, வண்டி உங்க வாசலுக்கு வரும். வியாபாரிகள் சங்கம்னு ஒண்ணு வெச்சிருக்கோமே, அது புது வருஷக் காலண்டர் அடிக்க மட்டுமா?

பேக்கரி, மெஸ் நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயை வடை சுடறவருக்குச் சல்லிசா வித்துடறீங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே இதுக்கு வரம்பு கொண்டுவந்து, பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கற திட்டத்தையும் ஆரம்பிச்சுது. அங்கயும் காசுதான் தர்றாங்க. ஊரான் வயித்துல ஊத்திச் சம்பாதிக்க வேண்டாம்.

"நம்ம ஜனங்க திருந்த மாட்டாங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நீலகிரியில 2022ல ஹைகோர்ட் உத்தரவால டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிட்டு, காலி பாட்டிலைக் குடுத்தா அதைத் திருப்பித் தந்தாங்க. காட்டுல கிடந்து மிருகங்க காலைக் கிழிச்ச பாட்டிலெல்லாம் கடைக்கே திரும்பி வந்துச்சு. குடிச்சவரே பொறுப்பாக் கொண்டாந்து குடுக்கறார். குடிக்காத நமக்கு என்ன கேடு?

பெரிசா ஒண்ணும் வேண்டாம். கடைக்குப் பின்னாடி மூணு சாக்கு வைங்க. ஒண்ணு அட்டை, பேப்பர். ஒண்ணு பிளாஸ்டிக். ஒண்ணு தகரம், கண்ணாடி. சோத்துக்குத் தனியா ஒரு வாளி. பெட்டியைப் பிரிச்சுத் தட்டையா மடிச்சா இடமும் அடைக்காது. வர்ற பணத்தைக் கடைப் பையனுக்கே குடுத்துடுங்க. அப்புறம் பாருங்க, சாம்பார் வாளியோட மெஸ்காரர் கிட்ட வந்தாலே அவன் விரட்டுவான் :-)

டிஸ்கி: நான் ஒண்ணும் யோக்கியன் இல்லை. எங்க வீட்டுலயும் போன மாசம் வரைக்கும் எல்லாம் ஒரே கவர்தான். அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல நிக்காம இருந்திருந்தா இன்னிக்கும் அப்படித்தான் இருந்திருப்பேன்.