குகையில் கிடைத்த எலும்பு எவருடையது?

ஹனோவரில் வாழும் எம்மவரிற் பலருக்கு லைப்னிற்ஸ் என்னும் பெயர் முதலில் அறிமுகமானது பிஸ்கற் பொதியிலேதான். இந்நகரப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பதும் அதே பெயரை என்பதனைப் பின்னரே அறிந்துகொண்டோம். 1676 முதல் 1716இல் மறையும்வரை ஹனோவர் அரசவையிற் பணியாற்றிய இத்தத்துவஞானி, 1685இல் ஹார்ற்ஸ் மலைப்பகுதியில் ஷார்ற்ஸ்ஃபெல்ட் என்ற ஊருக்கு அண்மையிலுள்ள குகையொன்றைச் சென்று பார்த்தார். ஒற்றைக்கொம்பன் குகை என்பது அதன் பெயர். நெற்றியில் ஒரே கொம்புடைய கற்பனைக் குதிரையின் எலும்புகள் அங்கு புதைந்து கிடப்பதாக நம்பிய மக்கள், 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் அவற்றைத் தோண்டியெடுத்து, பொடியாக்கி, மருந்தென விற்று வந்தனர்.

லைப்னிற்சும் அந்த நம்பிக்கையிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். அவர் மறைந்து 33 ஆண்டுகளின் பின், 1749இல் வெளிவந்த 'புரோட்டோகேயா' என்னும் அவரது நூலில் ஒரு சித்திரம் உண்டு. குவெட்லின்பூர்க் நகருக்கு அருகில் 1663இல் கிடைத்த எலும்புகளை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டப்பட்ட விலங்கு அது. நெற்றியில் நீண்ட கொம்பு, இரண்டே இரண்டு முன்னங்கால்கள், பின்னங்கால்கள் இல்லவே இல்லை. வெவ்வேறு விலங்குகளின் எலும்புகளைக் கொண்டு, ஒருபோதும் இருந்திராத ஓர் உயிரை உருவாக்கிவிட்டார்கள். நுண்கணிதம் கண்டுபிடித்த மூளைக்கே இந்தக் கதி.

குகையில் உண்மையாகக் கிடந்தவை பெரும்பாலும் குகைக்கரடிகளின் எலும்புகள். 1985இல் அங்கு கற்கருவிகளும் கிடைத்தன. அவை நியண்டர்தால் மனிதர் செய்தவை. பின்னர், ஹனோவரிலுள்ள கீழ் சாக்சனி மாநிலத் தொல்பொருட் பாதுகாப்புத் திணைக்களமும் கோற்றிங்கன் பல்கலைக்கழகமும் இணைந்து, மண்மூடிப்போன பழைய குகைவாயிலில் அகழ்வை மேற்கொண்டன. 2019இல் வெளிப்பட்டது ஒரு பெருமானின் கால்விரல் எலும்பு. விரல் நீளமேயுள்ள அவ்வெலும்பில், கூரைமுகடுகளை அடுக்கியதுபோற் சாய்கோடுகள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. 2021இல் வெளியான ஆய்வு அதன் வயது ஏறத்தாழ 51,000 ஆண்டுகள் என்றது. வெட்டுவதற்கு முன்னர் எலும்பு அவிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளரின் கருத்து. உண்பதற்கோ அறுப்பதற்கோ பயன்படாத ஒன்றை, நேரம் செலவழித்து, அழகுக்காகவோ அடையாளத்துக்காகவோ ஒருவர் செய்திருக்கிறார்.

கடந்த கோடை விடுமுறையில் எமது பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு அங்கு சென்றிருந்தோம். வெளியே நல்ல வெயில். உள்ளே குளிர்ச்சட்டையில்லாது நிற்க முடியவில்லை. அந்தக் கோடுகளை வெட்டியவர் ஜேர்மன்காரரா என்று எமது சிறுமியொருத்தி கேட்டபோது, வழிகாட்டிய பெண்மணி சிரித்துக்கொண்டே, அப்பொழுது ஜேர்மனியும் இல்லை, ஜேர்மன் மொழியும் இல்லை என்றார். திரும்பும் வழியில், எமது தீவிலும் இதுபோன்ற குகைகள் உண்டென நாம் சொல்லப்போக, அவள் உடனே கேட்டாள்: "அப்ப அங்க இருந்தவை தமிழரோ?" நாம் வாய் திறக்குமுன்னரே தந்தையொருவர், "வேறை ஆர்?" என்று முடித்துவிட்டார்.

அந்த இரு சொற்களே இதனை எழுதத் தூண்டின.

களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியங்கல குகையில் ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் வாழ்ந்துள்ளனர். சிறிய பளிங்குக் கற்கருவிகளும், குரங்கு, அணில் முதலியவற்றின் எலும்புகளும், எலும்பாற் செய்த அம்புமுனைகளும் அங்கு கிடைத்துள்ளன. இலங்கை ஆய்வாளருடன் இணைந்து இவற்றை ஆராய்ந்தோருள் ஜேர்மனியின் யேனா நகரிலிருந்த மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினரும் அடங்குவர். முடிவுகள் 2019இலும் 2020இலும் வெளிவந்தன. அடர்ந்த மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவும் குரங்கை வேட்டையாடத் தெரிந்த அம்மனிதர் என்ன மொழி பேசினர் என்பதனை எந்த எலும்பும் சொல்லப்போவதில்லை. தமிழ், சிங்களம் ஆகிய இரண்டும் உருவாவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியவர்கள் அவர்கள். அவர்களைத் தமிழர் என்பதும் சிங்களவர் என்பதும் பின்னங்கால் இல்லாத அந்தக் குதிரையை வரைவதற்கு ஒப்பானதே.

இவ்வாறு நாம் எழுதுவது சிலருக்குக் கசக்கும் என்பதனை அறிவோம். மண்ணுக்கடியில் அகப்படும் ஒவ்வொரு கல்லும் எம்மை வெளியேற்றும் சான்றாக மாற்றப்படும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் பாதுகாப்புச் செயலாளர். நியமிக்கப்பட்ட வேளையில் அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் கடந்தகாலத்தைத் தீர்மானிக்க அவர்களில் எவரும் வேண்டப்படவில்லை. இதற்கு மறுமொழியாக, நாமே முந்தியவர் என்று உரத்துக் கூவத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், முந்தி வந்தவனுக்கே உரிமை என்ற எதிராளியின் விதியையும் ஏற்றுக்கொண்டவராகிறோம். இந்நாட்டில் அந்த விதி எங்கு கொண்டுபோய் விட்டது என்பதனை நாம் அறிவோம். 1935இல் ஹிம்லர் நிறுவிய 'ஆனெனேர்பே' என்ற அமைப்பு, ஜேர்மானிய இனத்தின் தொன்மையை மண்ணைத் தோண்டி நிறுவ முயன்றது. அறிஞர் பலர் அதற்குத் துணை நின்றனர். அந்தத் தொன்மையில் இடமில்லாதவர்களுக்கு நேர்ந்ததற்கு, ஹனோவருக்கு அருகிலுள்ள பேர்கன் பெல்சன் சாட்சி. மேலும், தஞ்சம் கோரி நாம் இங்கு வந்தபோது, உமது முன்னோர் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் அங்கு வாழ்ந்தனர் என்று எவரும் வினவவில்லை. உமக்கு என்ன நேர்ந்தது என்றே கேட்டனர். எமது வீடும் காணியும் கோயிலும் எமதாயிருப்பதற்கு, தலைமுறை தலைமுறையாக நாம் அங்கு வாழ்ந்தமையே போதுமானது. குகைமனிதரின் கையொப்பம் அதற்குத் தேவையில்லை.

இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. நியண்டர்தால் மனிதரின் மரபணுவில் ஒரு சிறுபகுதி, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு, ஆபிரிக்காவுக்கு வெளியேயுள்ள மக்கள் அனைவரிடமும் உள்ளது. கொரோனா நோயைக் கடுமையாக்கிய ஒரு மரபணுத் துண்டு அவர்களிடமிருந்தே வந்ததென 2020இல் கண்டறியப்பட்டது. அது ஐரோப்பியரிற் சுமார் 16 விழுக்காட்டினரிடமும், தெற்காசியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடமும் காணப்படுகிறது. அந்தச் சிறுமி தன் வகுப்புத் தோழரிடம், உங்கள் நியண்டர்தால் எங்களுக்கும் சொந்தக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதே மாநிலத்திலுள்ள ஷோனிங்கனில் 1990களில் கிடைத்த மரஈட்டிகளுக்கு முதலில் 4 இலட்சம் ஆண்டுகள் என்றனர். பின்னர் 3 இலட்சம் என்றனர். 2025இல் வெளியான ஆய்வு 2 இலட்சம் என்று குறைத்துவிட்டது. அதற்காக இங்கு எவரும் வீதியில் இறங்கியதாக நாம் அறியவில்லை.

எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் தமது சுற்றுலாவை அடுத்த ஆண்டு இக்குகைக்கு ஒழுங்கு செய்யலாம். ஹனோவரிலிருந்து நோர்ட்ஹைம் வரை புகையிரதத்தில் சென்று, அங்கிருந்து ஹேர்ட்ஸ்பேர்க் செல்லும் வண்டிக்கு மாறவேண்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கு உறங்குவதால் கோடையிற் செல்வதே நன்று. பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பெரியவர்களும் சற்று ஆயத்தமாகச் செல்வது நல்லது.