அமீர்பேட்டை போதுமா?

கணினி நெட்வொர்க்கிங் வேலைக்கு இளநிலைப் பட்டம் தேவையில்லை, மூன்று மாதம் படித்து ஒரு சிசிஎன்ஏ சான்றிதழ் வாங்கினால் போதும் என்ற கருத்து ஐதராபாத்தில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. நகரின் கிழக்கு முனையான உப்பலிலிருந்து அந்தக் கருத்துக்கு நேரடி ரயிலே ஓடுகிறது. 2017 நவம்பரில் திறந்த மெட்ரோ நீலத் தடத்தில் ஏறினால் தார்நாக்கா, செகந்திராபாத், பேகம்பேட்டை வழியாக, வண்டி மாறாமல், பயிற்சி மையங்கள் அடுக்கடுக்காக நிற்கும் அமீர்பேட்டையில் இறங்கிவிடலாம். உப்பலிலிருந்து எதிர்த்திசையில் வாரங்கல் பேருந்தும் புறப்படுகிறது. வாரங்கலில் உள்ள காகதீயா தொழில்நுட்ப அறிவியல் கல்லூரி, கணினி அறிவியலில் ‘நெட்வொர்க்ஸ்’ என்ற பிரிவையே நான்காண்டு பி.டெக். படிப்பாக நடத்துகிறது. அந்தப் பேருந்தில் ஏறுவது வீண் வேலை என்பதுதான் நடைமுறையில் உள்ள வாதம்.

வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. 1998இல் சிஸ்கோ நிறுவனம் தொடங்கிய சிசிஎன்ஏ தேர்வுக்கு முன்தகுதி எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரம், 300 டாலர் கட்டணம், எழுதிவிட்டு வரலாம். நல்ல பயிற்சி மையத்தில் சேர்ந்தவர் முதல் மாதத்திலேயே ஸ்விட்சில் விலேன் பிரிக்கவும் ரவுட்டரில் வழி போடவும் பழகிவிடுகிறார். கல்லூரி மாணவருக்கோ பெரும்பாலான பாடத்திட்டங்களில் நெட்வொர்க் என்பது நடுவில் ஒரு செமஸ்டரில் வந்துபோகும் ஒற்றைத் தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அமீர்பேட்டைக்காரர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். சான்றிதழில் இருப்பதுதான் பட்டத்திலும் இருக்கிறது, கல்லூரிப் பாடம் பழசு, கிளவுட் வந்தபின் துறையே சுருங்கிவிட்டது, கம்பெனிகள் பட்டத்தைப் பார்ப்பதில்லை என நான்கு காரணங்கள் அடுக்கப்படுகின்றன.

முதல் காரணம், சாதனத்தை இயக்கத் தெரிவதையும் நெட்வொர்க் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிவதையும் ஒன்றாகக் குழப்புகிறது. உப்பல் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அது விபிஎன் சுரங்கம் வழியாக மும்பை அலுவலகத்தின் சர்வரோடு பேசுகிறது. ஒரு நாள் ‘பிங் போகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை’ என்று புகார் வருகிறது. சர்வரோடு இணைப்பு ஏற்படுகிறது, பக்கம் வரத் தொடங்கியதும் உறைந்துவிடுகிறது. பிங் போனால் லிங்க் சரி என்று பழகியவர் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வார், பிறகு கேபிளை மாற்றுவார், கடைசியில் சர்வர்காரரின் தலையில் கட்டுவார்.

நடப்பது வேறு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். சுரங்கம் தன் தலைப்பகுதிக்காக அதில் சில பத்து பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் பிங் 32 பைட் தரவைத்தான் அனுப்புகிறது. டிசிபி இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டுகளும் சிறியவை. அவையெல்லாம் தாராளமாக நுழைந்துவிடுகின்றன. உண்மையான தரவு வரும்போதுதான் பாக்கெட் முழு அளவுக்கு வளர்கிறது. அதைத் துண்டு போடக் கூடாது என்ற குறியோடுதான் டிசிபி அனுப்புகிறது. சுரங்க வாசலில் உள்ள ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, ‘இன்னும் சிறியதாக அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்புகிறது. ஆனால் ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று யாரோ ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். அனுப்பியவருக்குச் செய்தி போய்ச் சேராததால் அதே பெரிய பாக்கெட்டையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறார். பாக்கெட் அளவை இப்படிக் கண்டறியும் முறை 1990இலேயே இணையத் தரமாக எழுதிவைக்கப்பட்டது. இந்தக் கோளாறும் ஏறக்குறைய அதே வயதுடையது. பத்து வருட அனுபவசாலி இதைப் பட்டம் இல்லாமலும் பிடித்துவிடுவார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அதைக் கற்ற இடம் அனுபவம், மூன்று மாத வகுப்பு அல்ல.

இதைவிடப் பெரிய பாடம் 1986 அக்டோபரில் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தரவு, திடீரென 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. எந்தச் சாதனமும் பழுதாகவில்லை. நெரிசலில் பாக்கெட் தொலைந்ததும் ஒவ்வொரு கணினியும் உடனே மறுபடி அனுப்பியது. அதனால் நெரிசல் இன்னும் கூடியது. குறுகலான சந்தில் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டே முன்னேறப் பார்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு, அனுப்புபவரே வேகத்தைக் குறைத்து, மெல்ல ஏற்றும் முறை. இன்றைய கைபேசிக்குள் இருக்கும் டிசிபி வரைக்கும் அந்தச் சிந்தனை தொடர்கிறது. இதைப் புரிந்துகொள்ள வரிசைக் கோட்பாடும் நிகழ்தகவும் வேண்டும். தொலைபேசி இணைப்பகங்களுக்காக டென்மார்க்கின் எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த கணக்கு அது. ரவுட்டர்கள் ஓஎஸ்பிஎஃப் முறையில் குறுகிய வழியைத் தேடப் பயன்படுத்துவதும் 1959இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட வழிமுறைதான். கல்லூரியில் அது நெட்வொர்க் தாளில் வருவதற்கு முன்பே தரவுக் கட்டமைப்பு வகுப்பில் வந்துவிடும். ஆக, பட்டத்தில் நெட்வொர்க் ஒரே தாள் என்பது பாதி உண்மை. அந்தத் தாளைத் தாங்கி நிற்கும் தாள்கள் வேறு பெயர்களில் இருக்கின்றன.

பாடம் பழசு என்ற குற்றச்சாட்டை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சிசிஎன்ஏ சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ, பாதுகாப்பு, வயர்லெஸ் எனப் பலவாகக் கிளைத்திருந்த சிசிஎன்ஏக்களை மூடிவிட்டு ஒன்றே ஒன்றாக்கியது. டிசிபி, ஐபி நெறிமுறைகளுக்கு அர்பாநெட் மாறியதோ 1983 ஜனவரி 1 அன்று. அவை இன்னும் மாற்றப்படவில்லை. எது பழசாகிறது, எது ஆகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கல்லூரிகளின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஓஎஸ்ஐயின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்ய வைத்து, ஒரு பாக்கெட்டையாவது வயர்ஷார்க்கில் பிரித்துப் பார்க்காமல் மாணவரை வெளியே அனுப்பிவிடுகிற கல்லூரி இருந்தால், அதை வைத்துப் பட்டத்தை எடைபோடுவதில் நியாயம் இல்லை. அப்படி எடைபோட்டால், டம்ப்ஸ் எனப்படும் கசிந்த கேள்வித் தொகுப்பை உருப்போட்டுத் தேறுகிறவர்களை வைத்துச் சிசிஎன்ஏவையும் எடைபோட வேண்டிவரும்.

கிளவுட் வாதம்தான் இப்போது அதிகம் கேட்கிறது. சர்வர் எல்லாம் அமேசானிடம் போய்விட்டது, இனி நெட்வொர்க் ஆளுக்கு என்ன வேலை என்கிறார்கள். அமேசான் தன் கிளவுட் மண்டலம் ஒன்றை ஐதராபாத்திலேயே 2022 நவம்பரில் திறந்தது. அங்கே தனக்கென்று தனிப்பட்ட நெட்வொர்க் அமைக்கும் வாடிக்கையாளர் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஐபி வரம்பு, எத்தனை சப்நெட், வழி அட்டவணையில் என்ன வரி என்பதைத்தான். அலுவலகத்திலிருந்து தனி இணைப்புப் போட்டால் அந்த முனையில் பேசும் மொழி, வழித்தட நெறிமுறையான பிஜிபி. பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்றே தவிர, கணக்கு அப்படியே இருக்கிறது. கைக்கு எட்டாத பெட்டியில் பழுது பார்ப்பதற்கு மனக்கண்ணில் படம் இன்னும் தெளிவாக வேண்டும்.

அந்தப் படம் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை நிறுவனத்தின் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கை மென்பொருளில் பிழை இருந்தது. தரவு மையங்களோடு தொடர்பு இல்லாததால் டிஎன்எஸ் சர்வர்கள், வடிவமைத்தபடியே, தங்கள் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. உலகத்துக்கு அந்த முகவரிகளே இல்லாமல் போயின. பழுது பார்க்கப் போன பொறியாளர்களின் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. ஒவ்வொரு பாகமும் தனக்குச் சொன்னதைச் செய்து, எல்லாம் சேர்ந்து விழுந்த கதை இது. முதுகெலும்பு, டிஎன்எஸ், பிஜிபி மூன்றுக்கும் இடையிலான சார்பைத் தெரிந்தவருக்குத்தான் இதில் எங்கே தொடங்குவது என்று புரியும்.

கிளவுட் வாதத்திலும் ஓர் உண்மை உண்டு. ரேக்கில் பெட்டி மாட்டுவது, ஒவ்வொரு ஸ்விட்சாக உள்நுழைந்து ஒரே கட்டளையைத் தட்டச்சிடுவது, எச்சரிக்கை விளக்கைப் பார்த்து டிக்கெட் திறப்பது போன்ற வேலைகளைத் தானியங்கி மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. சிசிஎன்ஏ தேர்வே இப்போது பத்து விழுக்காட்டை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஆனால் சான்றிதழை மட்டும் கையில் வைத்திருப்பவர் துறைக்குள் நுழையும் முதல் படி அந்த வேலைகள்தான். சுருங்குவது அந்தப் படி என்னும்போது, கிளவுட் வாதம் யாருக்கு எதிராகப் போகிறது என்பது வெளிப்படை. மேல்படிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும். இயங்குதளத்தின் உள்ளமைப்பும் தெரிய வேண்டும். இரண்டும் கணினிப் பட்டத்தில் வழக்கமாகவே உள்ளவை.

கம்பெனிகள் பட்டத்தைப் பார்ப்பதில்லை என்பது சின்ன நிறுவனங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. கேமரா மாட்டுவது, அலுவலகத்துக்கு வைஃபை போடுவது போன்ற பணிகளில் கை வேலை தெரிந்தால் போதும். அதற்கு அப்பால் போனால் நிலைமை மாறுகிறது. பொதுத்துறை வங்கிகளின் ஐடி அதிகாரி பணிக்கு ஐபிபிஎஸ் கேட்பது கணினி, மின்னணுவியல் சார்ந்த நான்காண்டு பொறியியல் பட்டம், அல்லது அதே துறையில் முதுநிலை, அல்லது ஒரு பட்டத்தோடு டோயெக் ‘பி’ நிலைத் தேர்ச்சி. பிஎஸ்என்எல்லின் இளநிலைத் தொலைத்தொடர்பு அதிகாரிக்கும் பொறியியல் பட்டம் வேண்டும். அந்த விண்ணப்பப் படிவங்களில் பட்டத்துக்குப் பதிலாகச் சிசிஎன்ஏ எண்ணை எழுத இடமில்லை.

வெளிநாடு என்றால் கணக்கு இன்னும் கறாரானது. அமெரிக்காவின் எச்-1பி விசா, வேலைக்குப் பொருந்திய இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதியைக் கேட்கிறது. பட்டம் இல்லாதவருக்கு அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் விதி உண்டு: ஓர் ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கு மூன்று ஆண்டு அனுபவம். நான்காண்டுப் பட்டத்தை முழுவதும் அனுபவத்தால் ஈடுகட்ட பன்னிரண்டு ஆண்டு ஆகும். மூன்று மாதத்தில் மிச்சம் பிடித்த காலம் வட்டியோடு வெளியே போகிறது. ஜெர்மனி இதில் மாறுபட்ட நாடு. ஐடி வல்லுநர்களுக்குப் பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு அனுபவமும் உரிய சம்பளமும் இருந்தால் 2023 நவம்பர் முதல் நீல அட்டை என்ற பணி அனுமதியைத் தருகிறது.

இங்கே பட்டத்தின் பக்கம் நிற்பவர்களும் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. எல்லாப் பட்டமும் ஒரே எடை அல்ல. தெலங்கானாவில் ‘தோஸ்த்’ இணையவழிச் சேர்க்கையில் கிடைக்கும் பி.எஸ்சி., பி.சி.ஏ. பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்புகள். அமெரிக்க நிரந்தரக் குடியேற்ற மனுக்களில் இந்தியாவின் மூன்றாண்டுப் பட்டத்தை அங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாகப் பொதுவாக ஏற்பதில்லை. 1977இல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து இந்த வழக்கம் தொடர்கிறது. ஐபிபிஎஸ் பட்டியலிலும் வெறும் பி.சி.ஏ. தனியாக நிற்காது. ஆகவே, பட்டச் சான்றில் ‘நெட்வொர்க்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, படிப்பு எத்தனை ஆண்டு, நிகழ்தகவும் இயங்குதளமும் தாள்களில் உண்டா, ஆய்வகத்தில் மாணவர் கையால் தொடும் ரவுட்டர் உண்டா என்று பார்ப்பது பயன் தரும். பொதுவான கணினி அறிவியல் பி.டெக்.கே இந்த மூன்றையும் தந்தால் தனிப் பிரிவு கட்டாயமில்லை.

பணம்தான் தடை என்றால், அது நேர்மையான காரணம். அதைப் ‘பட்டம் வீண்’ என்ற கொள்கையாக மாற்ற வேண்டியதில்லை. வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. இருக்கிறது, பிளஸ் டூ முடித்திருந்தால் சேரலாம், மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டுவரை நீட்டி முடிக்கலாம். கல்லூரியில் இருப்பவர் சிசிஎன்ஏவுக்குப் படிக்க அமீர்பேட்டைக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம், வயர்ஷார்க்கும் இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஐந்தாறு ரவுட்டர்களை ஓடவிட்டு, ஒரு லிங்க்கை அறுத்து, தரவு எந்த வழியாகத் திரும்புகிறது என்று பார்க்கலாம். கடைசி ஆண்டில் சிசிஎன்ஏ எழுதினால், முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழின் மூன்றாண்டு ஆயுளும் அநேகமாக முழுதாக மீதமிருக்கும்.